மத்தியானத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் இடம்பிடித்துக்கொண்டிருப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். நாலு பேர் கூடியிருந்தால் கதவோரமாக நிற்கிறவன். எழுதும்போது எதிரே யாரும் இருப்பதில்லை என்ற தைரியத்தில்தான் போன வாரங்களில் சாலைக் கடைத்தெருவைப் பற்றியும் என் முதல் வேலையைப் பற்றியும் எழுதினேன். இந்த வாரம் எழுத வேண்டியதை விட்டுவிட்டு அடுத்த வருஷத்துக் கதைக்குத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். அப்படித் தாண்டினால் மற்றதை எழுதியதிலும் அர்த்தமில்லை என்று தோன்றியது.

கல்யாணப் பத்திரிகை

பெண்கள் தெருவெல்லாம் பொங்கலிடுகிற பொங்காலை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். அடுப்புக்கு வைத்த செங்கற்கள் பழவங்காடித் தெருவோரத்தில் கரிபிடித்தபடி கிடந்தன. மத்தியானம் மூன்று மணி.

நான் வேலை பார்த்த, கம்ப்யூட்டரில் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கிற டிடிபி கடை ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. தகரக் கூரை. மேற்கே பார்த்த ஒரே ஜன்னல். மூன்று மணிக்கெல்லாம் வெயில் அந்த ஜன்னல் வழியாக மேஜை வரைக்கும் வந்துவிடும். கீழே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். மையின் வாசனையும் சூடான பிளாஸ்டிக்கின் வாசனையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு மாமா தன் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக வந்திருந்தார். கம்ப்யூட்டரின் முன்னால் பெல்சி உட்கார்ந்திருந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். எனக்கு வேலை காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை. அவளுக்கு ஒன்றரையிலிருந்து ஆறு வரை. அன்று காகிதம் வெட்டுகிற வேலை மிச்சம் இருந்ததால் நான் வீட்டுக்குப் போகவில்லை.

"பொண்ணு பேரைக் கொஞ்சம் பெரிசாப் போடும்மா" என்றார் மாமா.

பெல்சி போட்டாள். அடுத்த வரியில் மாப்பிள்ளையின் பெயரை அடிக்கத் தொடங்கினாள். பாதிப் பெயரில் திரை முழுக்க நீலமானது. வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. பிறகு கறுத்துப்போய், கம்ப்யூட்டர் தானாகவே முதலிலிருந்து தொடங்கியது.

"என்னாச்சு?"

"கரண்டு போயிட்டு வந்திருக்கும் மாமா" என்றாள் பெல்சி.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அவள் மறுபடி அடித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சேவ் செய்தாள். மாப்பிள்ளையின் பெயர் வந்தது. அப்பா பெயரும் ஊரும் வருவதற்குள் திரை திரும்பவும் நீலமானது.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி ஓரத்தில் துடைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. கதவருகே நின்ற முதலாளியைப் பார்த்து, "மாப்பிள்ளை பேர் வரச்சே ரெண்டு தரம் போயிடுத்து. நான் நாளைக்குக் காலம்பற வரேன். இவர் கையால அடிச்சுத் தரட்டும்" என்று என்னைக் காட்டினார்.

"மாமா, ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்க. இப்பம் முடிச்சுத் தாரேன்" என்றாள் பெல்சி.

"வேண்டாம் கொழந்தே. ஒம்மேல ஒண்ணும் குத்தம் சொல்லலே. கல்யாணக் காரியம், கேட்டியோ."

அவர் படியிறங்கிப் போனார். என் கையில் வெட்டிய காகிதக் கட்டு இருந்தது. கம்ப்யூட்டர் ஏன் நின்றது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும் தெரியும். அது எப்படி என்று சொல்வதற்கு எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

போணி

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலை என்கிற கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பலசரக்கு வியாபாரம் செய்த குடும்பம். பாகம் பிரிந்தபோது அண்ணன்மார் கடையை எடுத்துக்கொள்ள, இவர் காலத்துக்கு ஏற்ற தொழில் என்று டிடிபிக்கு வந்தார். தொழில் மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

சாலையில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்று பார்ப்பார்கள். அண்ணாச்சியின் அப்பா, வெற்றிலை விற்கிற ஒரு அம்மாள் வந்து கால் கிலோ சர்க்கரை வாங்கிப் போணி செய்த பிறகுதான் வேறு ஆளுக்குத் தராசைத் தூக்குவாராம். அந்த அம்மாள் வராத நாளில் கடை பத்து மணி வரை சும்மா கிடக்குமாம். அண்ணாச்சி இதைச் சிரிக்காமல் சொல்வார்.

புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "ஏலே, நீ ஸ்விட்சைப் போடு" என்றார். போட்டேன். அன்று சாயங்காலமே ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் வேலை வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம்.

"ஒன் கை ராசியான கைடே" என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு தினமும் நான்தான் ஸ்விட்ச் போட வேண்டும். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஆள் அனுப்பினார். பஸ்ஸில் வந்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போய்ப் படுத்தேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே வருகைப் பதிவுக்கு மட்டும்தான். கரமனையில் தட்டச்சு படித்தபோது நான் இரண்டு மாதம் வராமல் இருந்ததை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அப்படிப்பட்டவனை, படியேறி வருகிற வாடிக்கையாளர்களிடம் "ராசிக்காரன்" என்று ஒருவர் காட்டினார்.

சின்னத் தொப்பி

அந்தக் கம்ப்யூட்டரின் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்தவன் அண்ணாச்சியின் தங்கை மகன் ராஜேஷ். கெட்டிக்காரப் பையன். மலையாளப் பள்ளியில் படித்தவன், பேச்சில் பாதி மலையாளம்.

எதிர்க் கட்டிடத்து டிடிபி கடைக்காரர்கள் அதிக வேகமுள்ள கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சிக்கு அதைவிட வேகமாக வேண்டும். அந்த வகைப் பிராசசர் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. ராஜேஷ் வேகம் குறைந்த வேறு ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். பிறகு ஒரு காலையில், அண்ணாச்சி இல்லாத நேரத்தில், என்னை டார்ச் பிடிக்கச் சொன்னான்.

பெட்டிக்குள்ளே போர்டில் வரிசையாகச் சின்ன ஊசிகள். அவற்றின் மேல் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அதைப் பிடுங்கி அடுத்த ஊசியில் மாட்டினான்.

"இனிமே இது மேல எழுதியிருக்கிறதவிடக் கூடுதல் ஸ்பீடுல ஓடும் அண்ணே."

"கெட்டுப்போகாதா?"

"சூடு கொஞ்சம் கூடும். ஃபேன் உண்டல்லோ, பயப்படண்டாம். மாமாகிட்ட ஒண்ணும் பறயண்டாம், சொல்லிராதீங்க கேட்டோ."

ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் வேகத்தைக் காட்டும் இடத்தில் பெரிய எண் வந்தது. அண்ணாச்சி அந்த எண்ணைக் காட்டுவதற்காகவே சாலையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். அது ஆனி மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் சட்டை ஈரம் காயாது. கம்ப்யூட்டர் சொன்ன வேலையைச் செய்தது. மார்கழியில் ராஜேஷுக்கு விசா வந்து வளைகுடாவுக்குப் போய்விட்டான்.

பதினொரு தேங்காய்

மாசியில் வெயில் ஏறியது. ஒரு நாள் நான் காலையில் வந்தபோது பெல்சி எழுதி வைத்த சீட்டு மேஜையில் இருந்தது. 'அண்ணே, நேற்று மூன்று தடவை நின்றுவிட்டது. கோயில் நோட்டீஸ் பாதி போய்விட்டது.'

காலையில் எனக்கு நிற்கவில்லை. அன்று மத்தியானம் அவளுக்கு நின்றது.

சர்வீஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். மலையாளி, பொறுமையான மனிதர். அவருக்கு வேறு இடங்களில் வேலை இருந்ததால் எங்கள் கடைக்கு ஒன்பது மணிக்கு வருவார். மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். அவர் இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் நின்றது. மறுபடி வந்து விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுப் போட்டார். வோல்டேஜ் கோளாறு என்று ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். தமிழ் எழுத்துருதான் காரணம் என்று அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டார். ஒவ்வொரு முறையும் காலையில் வந்தார், ஒவ்வொரு முறையும் "ஒரு கொழப்பமும் இல்லல்லோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியிலிருந்து யாராவது பிளாப்பியில் வைரஸ் கொண்டுவந்தார்களா என்று அவர் ஒருநாள் கேட்டார். பெல்சி தன் சபைப் பாட்டுத்தாளை ஒரு பிளாப்பியில் கொண்டுவந்து திருத்தியது உண்டு. அவளே அதை எடுத்துக் கொடுத்தாள். சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணாச்சியின் கண் அன்றிலிருந்து அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"எல்லாம் மாத்தியாச்சு. மாத்தாதது ஆளு ஒண்ணுதான்" என்றார்.

பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்துகொண்டார். அதை அவள் கையாலேயே உடைக்க வேண்டும் என்றார். பெல்சி துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே போனாள். பதினொன்றையும் எறிந்து உடைத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. திரும்பி வரும்போது படியில் என்னிடம், "அண்ணே, இத எங்க உபதேசியார்கிட்டச் சொல்லிராதிய. வேல போகாம இருந்தா நான் கர்த்தர்கிட்டச் சமாதானம் சொல்லிக்கிடுவேன்" என்று சிரித்தாள்.

அவள் அப்பா ரப்பர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தவர். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். அது எங்களுக்கெல்லாம் தெரியும்.

அதன்பிறகு அவள் கீயைத் தொடுகிற விதமே மாறியது. தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுவாள். உட்காருவதற்கு முன் கண்ணை மூடி உதடு அசைப்பாள். வேலை மிச்சமிருந்து நான் தங்கிய நாட்களில், மூன்று மணி ஆனால் அவள் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் நிற்கும்.

என் கையில்

ஒருநாள் அப்பாவை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பெல்சி லீவு எடுத்தாள். மத்தியானமும் நானே உட்கார்ந்தேன்.

மூன்றேகாலுக்குத் திரை நீலமானது.

என் விரல்கள் கீயின் மேலேயே இருந்தன. அண்ணாச்சி கீழே டீக்கடையில் இருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. நான் முதலில் வாசலைத்தான் பார்த்தேன். பிறகு ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து அடித்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பவும் நின்றது.

அப்போதுதான் ராஜேஷ் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கையை நீட்டினேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கை வைத்ததுபோல இருந்தது. மேஜை மின்விசிறியைத் தூக்கி வந்து அதற்கு நேராகத் திருப்பி வைத்தேன். ஆறு மணி வரை நிற்கவில்லை. காலையில் நிற்காததும், மழைக்காலத்தில் நிற்காததும், சர்வீஸ்காரருக்கு முன்னால் நிற்காததும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

அண்ணாச்சி மேலே வரும் சத்தம் கேட்டதும் மின்விசிறியை இடம் மாற்றினேன். தகட்டை மூடினேன்.

"எப்படிடே, நின்னுச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"பாத்தியா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் என் கையிலும் நின்றது என்று சொல்ல வேண்டும். டார்ச் பிடித்ததைச் சொல்ல வேண்டும். சாலை முழுக்க அவர் பெருமையடித்த எண் பொய்யான எண் என்று சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் பேச எனக்கு வாய் வராது. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அப்படியே போனேன். ஆறு நாள் போனது. ஆறாவது நாள்தான் ஸ்ரீவராகத்து மாமா வந்தார்.

கேள்வி

மாமா போன பிறகு அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெல்சி, நீ நாளையில இருந்து வரண்டாம்."

"அண்ணாச்சி, மிஷின்ல என்னமோ கேடு இருக்கு. நான் ஒண்ணும் செய்யல்ல."

"நீ செய்தேன்னு யாரு சொன்னா? கை அப்படி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எடம் இது. இன்னைக்கு அந்த மாமா போய்ச் சொல்லுவாரு, நாளைக்கு அக்கிரகாரம் முழுக்கப் பேசும்."

"நான் தொட்டா மட்டும் எப்படி நிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கேன். ஒன் கையில மட்டுந்தானே நிக்கி. இவன் கையில நிக்கா? இங்கதான நிக்கான், கேளு."

பெல்சி என் பக்கம் திரும்பினாள். அழவில்லை. கண் சிவந்திருந்தது.

"அண்ணே, ஒங்க கையில ஒரு தடவகூட நிக்கல்லியா?"

காகிதக் கட்டைக் கீழே வைத்தேன். ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினேன்.

"காலையில நிக்கல்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் 'காலையில' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. தலையை ஆட்டினாள். சோற்றுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். போகும்போது கம்ப்யூட்டரின் மேல் போடுகிற துணியை மடித்து அதன் இடத்தில் வைத்தாள்.

படி வரை போனேன். "அண்ணே, வேற கடையில கேட்டா இது ஒண்ணும் சொல்லிராதிய. எனக்கு வேற வேல அறியாது" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கீழே டீக்கடைக்கு விஷயம் அவளுக்கு முன்பே இறங்கியிருந்தது. கிழக்கேக் கோட்டைப் பக்கத்தில் இரண்டு கடைகளில் அவள் கேட்டதாகவும், மிஷின் நிற்கிற கை என்று அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். மார்த்தாண்டம் பக்கத்தில் அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போனாள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா என்று விசாரிக்கவில்லை.

நகத்தால்

மறுநாள் காலை மாமா வந்தார். பத்திரிகையை அடித்துக் கொடுத்தேன். மூலையில் மஞ்சள் தடவி, "ஒரு தடங்கலும் இல்லாம வந்துடுத்து பாருங்கோ" என்று அண்ணாச்சியிடம் காட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சி காகிதம் வாங்கச் சாலைக்குக் கிளம்பினார்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். தகட்டைக் கழற்றினேன். அந்தத் தொப்பியை நகத்தால் நெம்பி எடுத்து, ராஜேஷ் பிடுங்கிய பழைய ஊசியில் மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. ஸ்விட்சைப் போட்டதும் திரையில் சின்ன எண் வந்தது. ஸ்விட்ச் போடுகிறவன் நான் ஒருவனே என்பதால் அந்த எண்ணை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

என் எண்ணம் இதுதான். மத்தியானம் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால், குற்றம் எங்கே இருந்தது என்று அண்ணாச்சியிடம் தொப்பியைக் காட்டிச் சொல்ல வேண்டும். பாறசாலைக்கு ஆள் அனுப்பி அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

ஒன்றரைக்கு நானே உட்கார்ந்தேன். மேஜை மின்விசிறியைப் போடவில்லை. படங்கள் நிறைந்த ஆண்டு மலர்ப் பக்கங்களைத் திறந்து வைத்து வேலை செய்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு வெயில் மேஜைக்கு வந்தது. நான்கு மணிக்குச் சுவருக்கு ஏறியது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. 'அண்ணாச்சி, மிஷின்லதான் கேடு இருந்தது, அந்தப் பிள்ளை கையில இல்ல' என்று மனசுக்குள் நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு மத்தியானம் நின்னுச்சாடே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரு தடவகூட?"

"இல்ல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. மானிட்டரின் தலையில் மெல்லத் தட்டினார்.

"அவ போனா, மிஷின் சரியாயிட்டு. நான் வெறுமன ஒரு பிள்ளையை வெரட்டிட்டமோன்னு ராத்திரி ஒறக்கம் வரல்ல. இப்பம் மனசு ஒத்துக்கிட்டு."

"அண்ணாச்சி" என்றேன்.

"என்னடே?"

அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவர் அப்படியொன்றும் கொடுமையான மனிதர் இல்லை. கேட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"காகிதம் மேலே ஏத்தணுமா?" என்று கேட்டேன்.

"பின்னே. கீழ ரிக்ஷாவுல கெடக்கு பாரு. சூக்ஷிச்சு எடு, ஓரம் மடங்கிராம."

இறங்கிப் போய்த் தூக்கிவந்தேன். நான்கு கட்டு.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வேலைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஆறு மணி வரை ஒன்பது பக்கம் அடித்தாள். கம்ப்யூட்டர் ஒரு தடவையும் நிற்கவில்லை.